ஆலையை விட்டு வந்த நிலை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் அன்றாட பைக் பராமரிப்பு

மோட்டார் சைக்கிள், கார், லாரி, அவற்றுக்கு வேண்டிய டயர், கண்ணாடி எல்லாம் ஒரே வட்டாரத்தில் தயாராகும் இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் சேர்ந்த தடம் அப்படிப்பட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ–நிசான் ஒரகடத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டைம்லர் லாரி ஆலையும் வந்தது. ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. இடையில், 2015இல், யமஹா வல்லம் வடகாலில் உற்பத்தியை ஆரம்பித்தது. அப்பல்லோ, ஜே.கே., சியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் டயர் ஆலைகளும் இந்தச் சுற்றுக்குள்தான். புதிய வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசு மையமான ஜி.ஏ.ஆர்.சி.யும் ஒரகடம் சிப்காட்டில் இருக்கிறது.

இத்தனையையும் செய்கிற கைகள் ஷிஃப்டுக்கு எப்படி வருகின்றன? கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் போக, மீதிப் பேரில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டியில் வருகிறார்கள். ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி, ஜூபிடர், கிராமத்துப் பக்கமிருந்து எக்ஸ்.எல். என்று கேட்டுக்கு முன்னால் வரிசை நீள்கிறது. தவணையில் வாங்கியவை பல, இரண்டாம் கையாக வாங்கியவையும் பல. சம்பளம் வந்ததும் வண்டிக்கென்று ஒதுக்க முடிகிற தொகை சிறியது. அந்தத் தொகையைச் சர்வீஸுக்குக் கொடுப்பதா, லெக் கார்டும் லைட்டும் வாங்குவதா, சைலன்சரும் அகல டயரும் மாற்றுவதா என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஆலையின் கடைசிச் சோதனையைத் தாண்டி வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ, அந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் அன்றாட ஓட்டிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அப்கிரேட். அதன் மேல் எதைச் சேர்ப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு வர வேண்டியது.

மறக்கச் சொன்ன விளம்பரம்

1955இல் மெட்ராஸை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்து புல்லட், ஓட்டுகிறவரையே பாதி மெக்கானிக் ஆக்கியது. பாயின்ட் சுத்தம் செய்யத் தெரிய வேண்டும். டேப்பட் இடைவெளி சரிபார்க்கத் தெரிய வேண்டும். ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கணித்துத்தான் கிக் அடிக்க வேண்டும். தவறினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். சீட்டுக்கு அடியில் டூல் கிட் இல்லாமல் வெளியூர் கிளம்பியவர் குறைவு.

1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. பெட்ரோலைப் போட்டு மூடியை மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று அதன் விளம்பரம் சொன்னது. என்ஜினைப் பொறுத்தவரை அது பெரிய பொய்யில்லை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின், பாயின்ட் இல்லாத இக்னிஷன், மூடிய செயின் கவர் எல்லாம் சேர்ந்து, கை வைக்க வேண்டிய இடங்களைக் குறைத்தன. பின்னர் புல்லட்டே யூ.சி.இ. என்ற புது என்ஜினுக்கு மாறி, டேப்பட் சரிசெய்யும் வேலையை ஹைட்ராலிக் டேப்பட்டிடம் விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமானதும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது.

இப்படி நாற்பது ஆண்டுகளில் என்ஜின் மறக்கத்தக்க பொருளாகிவிட்டது. டயர், பிரேக் ஷூ, செயின், கேபிள், பல்பு ஆகியவை அப்படி ஆகவில்லை. அவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. விளம்பரம் என்ஜினுக்குச் சொன்னதை ஓட்டுநர்கள் வண்டி முழுவதற்கும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய பராமரிப்புச் சிக்கல்களில் பெரும்பாதி அங்கே தொடங்குகிறது.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை

தமிழ்நாட்டில் வண்டிக்கு ஒரு நாள் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வாட்டர் வாஷ் கடைகளில் இடம் கிடைக்காது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். பலருக்கு அந்த வாரமே வருடாந்திர சர்வீஸும்.

இந்தத் தடத்தில் அந்தக் கணக்கு ஏன் போதாது என்பதைச் சிறு பெருக்கல் காட்டும். வீட்டுக்கும் ஆலைக்கும் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். வாலாஜாபாத் பக்கமிருந்து ஒரகடம் வருபவருக்கு ஏறத்தாழ அதுதான் தூரம். போக வர 40, மாதம் 26 நாள் என்றால் 1,040 கி.மீ.; வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். 3,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டிய வண்டி என்றால் மூன்று மாதத்துக்குள் கெடு வந்துவிடும். 500 கி.மீ.க்கு ஒரு முறை செயினுக்கு எண்ணெய் என்றால் மாதம் இரண்டு தடவை. கடைக்குப் போய்வர மட்டும் வண்டி எடுப்பவருக்கு ஒரு வருடம் என்பது இவருக்கு மூன்று மாதம். அதனால் காலண்டரைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துத்தான் இங்கே பராமரிக்க வேண்டும்.

சாலையும் தன் பங்கைச் செய்கிறது. கன்டெய்னர் டிரெய்லர்களும் கார் ஏற்றும் லாரிகளும் எம்-சாண்ட் லாரிகளும் ஓடும் சாலையில் மண்துகள் ஏர் ஃபில்டரை அடைக்கும். எண்ணெய்ப் பசையுள்ள செயினில் ஒட்டி அரைக்கும். தொழிற்பேட்டை ஓரங்களில் கிடக்கும் ஆணியும் இரும்புச் சுருளும் பஞ்சர் கடைகளுக்கு வேலை கொடுக்கின்றன. மூன்றாம் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு விடியலில் திரும்புபவருக்கு எதிரே மாடு நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் பள்ளத்தை மூடித் தண்ணீர் நிற்கும்.

விபத்து ஆய்வுகள் சொல்வது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு தமிழ்நாடுதான் முதலிடம். தலைக்கவசம் அணியாமல் போய் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

வண்டியின் நிலைக்கும் விபத்துக்கும் என்ன உறவு என்பதில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது, அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981இல் வெளியான ஆய்வு. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவருடைய குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. வண்டிக் கோளாறால் நேர்ந்தவை 3 சதவீதத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சராகிக் கட்டுப்பாடு இழந்தவை. அடிக்கடி காணப்பட்ட காரணம், கார் ஓட்டியவர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை என்பது. அவசரத்தில் ஓட்டிகள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்ததும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும் தெரியவந்தன.

இதைப் பார்த்துப் பராமரிப்பால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோளாறு என்று எண்ணப்பட்டது, விபத்தையே உண்டாக்கிய முறிவு. தேய்ந்த டயரோ தொய்ந்த பிரேக்கோ விபத்தைத் தொடங்கி வைக்காமல் இருக்கலாம். ஆனால் தப்பிக்க மிச்சமிருந்த சில மீட்டரை அவை தின்றுவிடும். அந்த ஆய்வின் சாரத்தை நம் கேள்விக்குப் பொருத்தினால் வண்டிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் நான்கு கேள்விகளால் சலிக்கலாம். இது என்னைப் பிறர் கண்ணில் படவைக்குமா? வண்டியைச் சீக்கிரம் நிறுத்துமா? விழுந்தால் உடம்பைக் காக்குமா? வழியில் நிற்காமல் ஷிஃப்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா?

தேயும் பொருள்கள்

முதலில் டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை, வண்டி சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். தனியாகப் போகும்போது எவ்வளவு, பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். நைட்ரஜன் நிரப்புவதற்கு மெனக்கெடத் தேவையில்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பட்டன் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நம் வெயிலில் ரப்பர் இறுகிவிடும். பட்டன் இருந்தாலும் பழைய டயர் மழையில் பிடிக்காது. இரண்டாம் கையாக வண்டி வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இந்த எண்ணை. டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், டியூப்லெஸ்ஸில் மெல்லக் கசியும். அலாய் வீல் உள்ள வண்டிக்கு டியூப்லெஸ் கிடைக்குமானால், பஞ்சர் அதிகமுள்ள இந்தச் சாலைகளில் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

அடுத்தது பிரேக். மணிக்கு 60 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். தடையைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனாலே 17 மீட்டர் போய்விடும். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் உலர்ந்த தார்ச் சாலையில் அதற்குப் பிறகு சுமார் 23 மீட்டரில் நிறுத்தலாம். பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அந்த 23 மீட்டர் 35 ஆகிவிடும். கூடுகிற 12 மீட்டர் ஒரு பஸ்ஸின் நீளம். டிரம் பிரேக்கில் ஷூவின் தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி வெளியிலேயே இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பேடின் தடிமனை எட்டிப் பார்த்தால் தெரியும். பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதற்குக் காரணம் அதுவே. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்றது அந்த விதி. அடுத்த வண்டிக்குப் பணம் சேர்ப்பவர், சைலன்சர் சத்தத்துக்கு வைத்த தொகையை ஏ.பி.எஸ். உள்ள மாடலுக்குத் திருப்பிவிடலாம்.

மூன்றாவது செயின். மூடிய கவர் உள்ள வண்டியில் தூசி குறைவு. ஆனால் கண்ணில் படாததால் மறதி அதிகம். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் பல அன்றாட வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்கலாம், சரியான அளவு கையேட்டில் உண்டு. மிகவும் இழுத்துக் கட்டிய செயின் தொய்ந்த செயினைவிடக் கெடுதல், அது பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். வடித்தெடுத்த பழைய என்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் மிதக்கும் உலோகத் துகள் அரைப்புப் பொடியாகவே வேலை செய்யும். 90 கிரேடு கியர் ஆயில் ஒரு குப்பி வாங்கினால் பல மாதம் வரும். ஓ-ரிங் செயினைப் பெட்ரோல் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் போய்விடும். பல் கூர்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் மட்டும் போடுவது பணத்தைக் கொட்டுவது. செயினையும் முன், பின் ஸ்பிராக்கெட்டுகளையும் செட்டாக மாற்றுவதே கணக்குக்குச் சரி.

நான்காவது ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் கியரும் என்ஜினும் ஒரே ஆயிலில் ஊறுகின்றன. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள் கிளட்ச்சையும் வழுக்கவைக்கும். டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும் என்பது அதனால்தான். ஹீரோ, ஹோண்டாவின் சிறு வண்டிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30, யூ.சி.இ. புல்லட்டுக்கு 15டபிள்யூ-50 என்று ஒவ்வொன்றுக்கும் கிரேடு உண்டு. விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றி இரு மடங்கு தூரம் ஓட்டுவதைவிட, சொன்ன கிரேடைச் சொன்ன கெடுவில் மாற்றுவது நல்லது. ஸ்கூட்டரில் செயின் இல்லை என்றாலும் பெல்ட்டும் ரோலரும் கியர் ஆயிலும் உண்டு. அவற்றுக்கும் கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது.

ஐந்தாவது மின்சாரம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும். பகலில் விளக்கு எரியும் மோட்டார் சைக்கிள் எளிதில் கண்ணில் படுகிறது என்று ஹர்ட் ஆய்வு சொன்னதற்கு ஒத்த விதி இது. ஒயரை வெட்டி சுவிட்ச் வைத்து அதை அணைப்பவர்கள், மற்றவர் கண்ணில் படும் வாய்ப்பைத் தாங்களே அணைத்துக்கொள்கிறார்கள்.

ஆலைக்குள் தெரிந்த பாடம்

இவை எல்லாம் இந்தத் தடத்தின் தொழிலாளிக்குப் புதிய செய்தி என்று சொல்ல முடியாது. ஜப்பானில் நிப்பான்டென்சோ நிறுவனத்தில் உருப்பெற்று 1971இல் விருது பெற்ற டி.பி.எம். என்ற பராமரிப்பு முறை இன்று உலகெங்கும் வாகன ஆலைகளில் பரவியிருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுகிறவரே அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்து, முடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஷிஃப்ட் தொடங்கும்போது செக் ஷீட்டில் டிக் அடிப்பது பலருக்குக் கை பழகிய வேலை. துடைக்கும்போதுதான் விரிசல் தெரியும், கசிவு தெரியும், கழன்ற போல்ட் தெரியும் என்பதும் தெரிந்ததே.

அசெம்பிளி லைனில் முக்கியமான போல்ட் ஒவ்வொன்றும் இவ்வளவு டார்க் என்று அளந்து முடுக்கப்படுகிறது. கேட்டைத் தாண்டினால் அந்த அளவு கைவாக்காகிவிடுகிறது. ஆயில் வடிக்கும் போல்ட்டை ஸ்பேனருக்குக் குழாய் சொருகி ஏற்றும் கடையில், மூன்றாவது சர்வீஸில் அலுமினிய மரை தேய்ந்து ஆயில் ஒழுகும். அடுத்து லேத் பட்டறைச் செலவு. ஷிஃப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்கி, ஆலை இயந்திரத்துக்குச் செய்வதைத் தன் வண்டிக்கும் செய்தால் இந்தக் கட்டுரையின் பாதி நிறைவேறிவிடும்.

மேலே மாட்டுபவை

துணைப் பொருள்களில் முதலிடம் தலைக்கவசத்துக்கு. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 தரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்கக் கூடாது. ஆனாலும் சாலையோரத்தில் தொப்பி போன்றவை தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. வேறு எந்த உபகரணத்துக்கும் இவ்வளவு சான்று இல்லை. வார் மாட்டாவிட்டால் அது பறந்துவிடும். கறுப்பு வைசர் மூன்றாம் ஷிஃப்டுக்கு உதவாது. பின்னால் ஏறும் நண்பனுக்கும் ஒன்று வேண்டும்.

லெக் கார்டு பற்றி நம்மிடம் பெரிய நம்பிக்கை உண்டு. ஹர்ட் ஆய்வு இதையும் பார்த்தது. கணுக்காலில் குறைந்த காயம் தொடையிலும் முழங்காலிலும் கூடிவிடுகிறது, மொத்தத்தில் லாபமில்லை என்பது அதன் முடிவு. வண்டி சரிந்தால் டேங்கையும் இண்டிகேட்டரையும் அது காக்கலாம். காலைக் காக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

விளக்குகளில் கவனம் தேவை. சிறு வண்டிகளில் பரவலான 35 வாட் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு, அதே ரிஃபிளெக்டரில் சந்தை எல்.இ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் சிதறும். ஓட்டுகிறவருக்கு வெள்ளையாகத் தெரிவதால் பிரகாசம் என்று தோன்றும். எதிரில் வருபவருக்குக் கண் கூசும். கூடுதல் விளக்குகள் பேட்டரியையும் வடிக்கும். மங்கிப்போன கண்ணாடியை மாற்றி, ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்தாலே பல வண்டிகளில் இரவுப் பார்வை திரும்பிவிடும்.

பிறர் கண்ணில் பட மிக மலிவான வழி பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆலைக்குள் போடும் ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட்டை லாக்கரில் வைக்காமல், அனுமதி இருந்தால் வீடு வரை போட்டுப் போகலாம். இல்லையென்றால் பையின் பின்புறம் ஒரு ரிஃபிளெக்டர் பட்டை ஒட்டினால் போதும்.

மொபைல் ஹோல்டர் பற்றி ஒரு செய்தி. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தது. ஐபோன் பூட்டப்படும் ஃபாக்ஸ்கான் ஆலையும் புல்லட் பூட்டப்படும் ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வட்டாரத்தில் இந்த இரண்டின் பகையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரிந்த வழியில் தினமும் போய்வருபவருக்கு ஹேண்டில்பாரில் திரை எதற்கு என்ற கேள்வியும் உண்டு.

அழகுக்காகக் கழற்றப்படுபவையும் இந்தக் கணக்கில் சேரும். மோட்டார் வாகன விதி 123, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் மிதியும், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. துப்பட்டாவும் சேலையும் சக்கரத்தில் சிக்காமலிருக்கத்தான் அந்தத் தடுப்பு. பல்லாயிரம் பெண்கள் வேலைக்கு வரும் இந்தத் தடத்தில், சாரி கார்டைக் கழற்றிய வண்டியில் ஒரு பெண்ணை ஏற்றிப் போவது விளையாட்டில்லை. கண்ணாடிகளைக் கழற்றுவதும் அப்படித்தான். பின்னால் டிரெய்லர் வருவது அப்புறம் காதால்தான் தெரியவரும்.

மாற்றங்களும் சட்டமும்

வண்டியின் ஒரு மாடல் சந்தைக்கு வருமுன் அதன் புகை, சத்தம், பிரேக், விளக்கு எல்லாம் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். அத்தகைய சோதனை நடக்கும் மையங்களில் ஒன்றுதான் ஒரகடத்து ஜி.ஏ.ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்பதும் இந்த மாற்றங்களைப் பற்றித்தான்.

சைலன்சர் மாற்றம் நான்கு கேள்விகளில் ஒன்றிலும் தேறாது. 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதிக்கப்பட்ட சத்தம் 80 டெசிபல். 80 முதல் 175 சி.சி. வரை 77. சத்தம் கேட்டால் லாரிக்காரர் ஒதுங்குவார் என்று வாதிடுவார்கள். சத்தம் பெரும்பாலும் பின்பக்கம் போகிறது; முன்னால் கண்ணாடி ஏற்றிய கேபினில் இருப்பவருக்கு அது தாமதமாகவே எட்டும். பி.எஸ்.6 வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் சைலன்சர் குழாயோடுதான் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் அங்கே உண்டு. அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் குழம்பி, மைலேஜும் இழுவையும் குறைவதே பலருக்கு நடப்பது. அகலப் பின் டயரும் அப்படித்தான். ரிம் அகலத்துக்கு மீறிய டயர் உருமாறி உட்காரும், வளைவில் மந்தமாகும், எரிபொருளும் கூடும். திறந்த வகை ஏர் ஃபில்டர் எம்-சாண்ட் தூசிக்குள் ஓடும் என்ஜினுக்குப் பகை.

சட்டத்துக்குள்ளேயே பயன் தரும் மேம்பாடுகளும் உண்டு. தரமான பிரேக் பேட், பிடிப்பு நன்றாக உள்ள அதே அளவு டயர், தளர்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுவது, ஃபோர்க் ஆயிலும் கோன் செட்டும் புதுப்பிப்பது, அமுங்கிய சீட்டுக்குப் புது ஃபோம் ஆகியவை சில. இவற்றில் எதுவும் கேட்டில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கவைக்காது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த இடுப்பு மட்டும் வித்தியாசத்தை உணரும்.

வெள்ளம்

2015 டிசம்பர் மழையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தன. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெரிய தவறு. தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றிய பிறகே முயல வேண்டும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ஒரு முறை மாற்றினால் போதாது.

ஸ்பேனர் பிடிக்கும் கை

அன்றாட வண்டிகள் பலவற்றைக் காப்பாற்றி வருபவர் சாலையோர மெக்கானிக். காதால் கேட்டே டைமிங் செயினா பேரிங்கா என்று சொல்லும் கைத்தேர்ச்சி அவருடையது. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அவரைச் சங்கடத்தில் தள்ளிவிட்டன. மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கின் பிழைக் குறியீட்டைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டும். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நான்காம் தொழிற்புரட்சித் திறன்களுக்காக மேம்படுத்தியிருக்கிறது. அந்த வகுப்பறைகள் மாலையில் சாலையோர மெக்கானிக்குகளுக்கும் திறந்தால் பலன் நேராக இந்தச் சாலைக்கு வரும்.

உதிரி பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இன்றும் அடைக்கலம். கண்ணாடி, மட்கார்டு, ஃபுட்ரெஸ்ட் போன்றவற்றை அங்கே பழையதாக வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், பேரிங், டயர் ஆகியவற்றைப் பழையதாகவோ டூப்ளிகேட்டாகவோ வாங்கக் கூடாது. மிச்சமாகும் சில நூறு ரூபாய் அங்கே உயிரோடு பேரம் பேசுகிறது.

வரிசையும் பொறுப்பும்

மேலே பார்த்தவற்றைத் தொகுத்தால் செலவின் வரிசை தெளிவாகிறது. ஐ.எஸ்.ஐ. தலைக்கவசம் இரண்டு, டயர், பிரேக், விளக்கும் ரிஃபிளெக்டரும், செயின் செட், கெடு தவறாத ஆயிலும் ஏர் ஃபில்டரும், அதன் பிறகு ஷாக் அப்சார்பரும் சீட்டும். இவ்வளவும் முடிந்து கையில் பணம் மிஞ்சினால் பெட்டியோ சார்ஜரோ ஓட்டுகிறவர் விருப்பம். சைலன்சர் அந்த வரிசையில் எங்கும் வரவில்லை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு சேர்ந்து காலையில் குடும்ப வேலை பார்ப்பவருக்கு சர்வீஸ் சென்டரில் அரை நாள் காத்திருக்க நேரமில்லை. விடுப்பு எடுத்தால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். ஆலைகளிடம் காற்று அழுத்தக் குழாய் ஓடுகிறது, அளவுக் கருவிகள் இருக்கின்றன, பராமரிப்புப் பிரிவு இருக்கிறது. இரு சக்கர வண்டி நிறுத்தத்தில் ஒரு காற்றுக் குழாயும் பிரஷர் கேஜும், செயினுக்கு எண்ணெயிட ஒரு ஸ்டாண்டும், மாதம் ஒரு முறை டயரையும் பிரேக்கையும் பார்த்துச் சீட்டு எழுதித் தர ஒரு மெக்கானிக்கும் வைப்பது எந்தப் பெரிய ஆலைக்கும் பாரமான செலவாகாது. கேட்டுக்குள் ஒரு விரல் நசுங்கினால் விசாரணை நடத்தும் நிர்வாகம், கேட்டிலிருந்து வீடு வரையிலான இருபது கிலோமீட்டரையும் தன் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டி செய்யத் தெரிந்த ஊரில் இதற்கு வேண்டிய அறிவும் கருவியும் ஏற்கெனவே இருக்கின்றன. சிப்காட்டும் தொழிற்சங்கங்களும் அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கக்கூடிய கோரிக்கை இது.